கால் நல்லாத்தான் இருக்கு

“வண்டியைத் திருப்புங்கன்னு சொல்லிட்டேன், திருப்புங்க…”

“திருப்ப முடியாதுங்க! சீக்காளியை வெச்சுக்கிட்டு…”

“சீக்காளி, சீக்காளி! விடிஞ்சதிலேருந்து இதே பாட்டு. இன்னிக்கு ஒகேனக்கல்லுக்கு வந்தவங்களிலே பாதிப் பேர் சீக்காளி…”

“நான் பேசறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க…”

“…மீதிப் பேர் சீக்காளிக்குத் துணைக்கு வந்தவங்க!”

கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதைச் சொன்ன மாதம்மாளுக்கும் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்து அதை அடக்கிக்கொண்டாள்.

ஆடிப் பதினெட்டு. தர்மபுரி தனி மாவட்டமாகி ஏழாவது வருஷம். காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனாள். மேலே மைதானத்தில் வண்டியும் லாரியும் காருமாக நெருக்கியடித்துக் கிடந்தன. அங்கிருந்து துறைக்கு இறங்குகிற பாதையில் குறுக்கே ஒரு கயிறு. அதைத் தாண்டி எந்த வண்டியும் போகக்கூடாது. கை கால் முடியாதவர்களை ஏற்றி வந்த வண்டிக்கு மட்டும் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். நுகத்தடியில் அதைக் கட்டிக்கொண்டு நேரே துறை வரைக்கும் போகலாம், தண்ணீரோரமே வண்டியை அவிழ்த்துவிட்டு நிறுத்தலாம்.

வண்டிப்பேட்டைக் குத்தகை கவுஸ் பாஷாவுடையது. பென்னாகரத்து வியாபாரி, நல்ல மனுஷர். ஆம்பிளைகளின் கையையும் காலையும் அவரே பார்த்துவிடுவார். பொம்பளைகளை யார் பார்ப்பது? “அக்கா, அதுக்கு நீதான் நிக்கணும்” என்று மாதம்மாளைக் கூப்பிட்டு வைத்திருந்தார். வருஷம் பூராவும் துறையில் மீன் வறுத்து விற்கிறவள் அவள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவனை அடுப்படியில் இருந்தபடியே கூவி இழுத்துவிடுகிற தொண்டை. மாதம்மா ரகசியம் பேசினால் அக்கரையில் மாடு மிரளும் என்பார்கள் பரிசல்காரர்கள்.

எதிரே நின்று வாதாடியவன் இண்டூர்க் குடியானவன், மாது என்று பேர். நேற்றுச் சாயங்காலம் வண்டி பூட்டியவன் கண்ணெல்லாம் சிவந்து நின்றான். வண்டிக்குள் வைக்கோல் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் அவன் பெண்டாட்டி செல்லி.

“எத்தனை தடவைங்க சொல்றது? அதுக்குக் கால் முடியலே.”

“எந்தக் கால்?”

“எந்தக் காலுன்னா… நடக்க முடியலேங்கறா. நாலெட்டு வெச்சா உக்காந்துக்கறா. பொம்பளை சமாச்சாரம், நாமளா நோண்டி நோண்டிக் கேக்கறது?”

“டாக்டர் சீட்டு இருக்கா?” என்று இடையில் வந்தார் கவுஸ் பாஷா. “சீட்டு இருந்தா பேச்சே இல்லே மாமா. இந்தான்னு வில்லையைக் கட்டிவுட்டுடுவேன்.”

“சீட்டுக்குத் தர்மபுரி போகணும், பாய். போனா பெரிய டாக்டர் நாளைக்கு வாங்கறாரு, நாளைக்குப் போனா சேலம் போயிட்டாருங்கறாங்க. காலு ஒடிஞ்சவன் அந்தச் சீட்டு வாங்கறதுக்குள்ளே மிச்சக் காலும் தேஞ்சுரும்.”

இதற்கும் கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை மாதம்மாள் சிரிக்கவில்லை. தன் வசம் இருந்த கூட்டம் அவன் வசம் போகிறதே என்றிருந்தது அவளுக்கு.

“வாய் நல்லா இருக்கு உங்களுக்கு. காலை நான் பாத்துக்கறேன். எறங்கச் சொல்லுங்க அந்தம்மாவை.”

அவள் அப்படிக் கறாராய் நின்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் அரூர்ப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி வந்தது. உள்ளே ஒரு பெரிய வீட்டு அம்மாள், முழங்கால் முதல் பாதம் வரை வேப்பிலையும் மஞ்சளும் வைத்துக் கட்டியிருந்தாள். “ஐயோ ஆத்தா, தொடாதே” என்று அவள் போட்ட கூச்சலில் மாதம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்க்க மனசு வருமா? சுடுதண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, வில்லையையும் தன் கையாலேயே கட்டி அனுப்பினாள். மத்தியானம் பார்த்தால் அந்த அம்மாள் துறைப் பாறைமேல் நின்று கும்மியடிக்கிறாள்! வேப்பிலைக் கட்டு ஆற்றோடு போய்விட்டது.

“மாதம்மா, உன் கையிலே என்ன தைலம் வெச்சிருக்கே? தொட்ட காலெல்லாம் ஆடுதே!”

“எங்க வூட்டுக் கிழவனுக்கும் ஒரு வில்லை குடு தாயி, கொம்புத்தேன் எடுக்க மலையேறட்டும்!”

அந்தக் கேலி ஆடி போய், ஆவணி போய், தை வரைக்கும் ஓடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது தர்மன் விஷயம். பாறை இடுக்கில் மாட்டிப் பாதத்தையே இழந்த பழைய பரிசல்காரன் அவன். அவன் வண்டி துறைக்கு இறங்கியபோது, பொய்க்கால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிறுத்த இடமே இல்லை. ஆற்றில் பிறந்து வளர்ந்தவன், யாரோ ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்த காவிரியைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிப் போனான். “பரவாயில்லே அக்கா, ஆறு எங்கே போயிடப் போவுது” என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வார்த்தைதான் அவளை அறுத்தது. இந்த வருஷம் ஒருத்திகூட நம்மை ஏய்க்க முடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள்.

பாதையோரம் நாலு கழி நட்டு, சுற்றி ஓலைப்பாய் கட்டி ஒரு மறைப்பு. செல்லி வண்டியை விட்டுப் பின்புறமாய் மெல்ல இறங்கி, பூட்டிய கதவு மாதிரி தொடை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாய் உள்ளே வந்தாள். நாற்பது வயசு இருக்கும். நல்ல கறுப்பு, நல்ல முகம்.

“எந்தக் கால்மா?”

“ரெண்டுந்தானுங்க.”

“ரெண்டுமா! சரி, சீலையைத் தூக்கு.”

முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். மாதம்மாள் குனிந்து பார்த்தாள். வீக்கம் இல்லை, சூம்பல் இல்லை, புண் இல்லை, தழும்பு இல்லை. கெண்டைக்கால் உருட்டி வைத்த மாதிரி இருந்தது. ஏர் பின்னாலும் களத்து மேட்டிலும் நடந்து நடந்து இறுகின கால்.

“எங்கே வலிக்குது?”

கேட்டது வழக்கமான குரலில்தான். அவளுக்கு வழக்கமான குரல் என்றால், பாய்க்கு வெளியே இருந்த பேச்செல்லாம் டக்கென்று நின்று, எல்லாரும் பதிலுக்குக் காது கொடுக்கிற குரல்.

செல்லி பாயைப் பார்த்தாள். ஓலை இடுக்கில் வேட்டிகளின் நிழல். அதில் ஒன்று அவள் புருஷனுடையது.

“சொல்லும்மா! எங்கே வலிக்குதுன்னு கேக்கறேனில்லே?”

“அக்கா… கொஞ்சம் மெதுவா…”

“மெதுவா என்ன, சீக்கிரம் சொல்லு. பின்னாலே பத்து வண்டி நிக்குது.”

“நடக்க முடியலேக்கா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

“நடக்க முடியலேன்னு நானுந்தான் சொல்லுவேன். எங்கேன்னு கேட்டா காட்டணும். நாளெல்லாம் அடுப்பு முன்னாலே உக்காந்து எந்திரிக்கறவ நான், என் முட்டியைப் பாரு, பூசணிக்காயாட்டம் இருக்கு. உன் காலு…”

செல்லி மாதம்மாளின் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கண் மறுபடி பாய்ப் பக்கம் போயிற்று, வாய் மூடிக்கொண்டது. போன வருஷத்து அம்மாளும் இப்படித்தான் கையைப் பிடித்தாள். மாதம்மாள் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

“பாய்! கால் நல்லாத்தான் இருக்கு. கல்லாட்டம் இருக்கு. வண்டியை மேலே மைதானத்துக்கு ஓட்டச் சொல்லுங்க!”

“நான் சொல்லலே?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். இண்டூர்க்காரன்தான் யாரோ. “ஏன் மாது, உன் சம்சாரம் போன மாசம் எங்க கழனியிலே நாத்து நட்டுச்சே! அப்ப கால் யார் வூட்டுக்குப் போயிருந்துச்சு?”

இந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாதுவின் முகம் கறுத்துவிட்டது. மறைப்பிலிருந்து வெளியே வந்த பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“ஊரு பாக்க என்னைப் பொய்யனாக்கிட்டியேடி.”

“நான் நடக்கறேன்” என்றாள், யாரையும் பார்க்காமல். கயிற்றைக் குனிந்து தாண்டி இறக்கத்தில் நடந்தாள். புளியமரம் வரைதான் போனாள். அங்கே நின்று மரத்தைப் பிடித்தாள், அப்புறம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து, கைகளால் அவற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“நான் தூக்கிக்கறேன், வா” என்று கோபத்தோடே போனான் மாது.

“தொடாதீங்க! வேண்டாம், தொடாதீங்க.”

போன வருஷமும் இதே “தொடாதே”தான். மாதம்மாளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“கூத்து கட்டினது போதும், எந்திரிம்மா! நெஜமா முடியாதவங்க வண்டி வருது, வழி விடு!”

நிஜமாகவே அப்போது தர்மனின் வண்டி வந்தது. மாதம்மாள் ஓடிப்போய் வில்லையைக் கட்டினாள். “இந்த வருஷம் இடம் காலியா கெடக்குது தம்பி. போய் ஆசை தீரக் குளி” என்றாள். தர்மன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அவள் வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு திரும்பியபோது செல்லி மேலே ஏறி வந்து எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, வில்லை வேண்டாம். ஒரே ஒரு ஒத்தாசை. எங்க அக்கா, கருப்பின்னு பேரு, அக்கரையிலே கட்டிக் குடுத்தது. வருஷத்துக்கு ஒருக்கா இந்தத் துறையிலேதான் நானும் அவளும் பாத்துக்கறது. பரிசல் எறங்கற எடத்திலே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நான் இங்கே நிக்கறேன்னு யார்கிட்டயாவது சொல்லியனுப்புங்க. அவ மேலே வந்துருவா. இந்த வருஷம் அவளைக் கண்டிப்பாப் பாக்கணுங்க.”

“ஆகட்டும், ஆகட்டும். பாத்தா சொல்றேன்.”

தர்மனின் வண்டி இன்னும் புளியமரத்தைத் தாண்டவில்லை. ஒரு கூவல் போதும், தர்மன் போய்ச் சொல்லிவிடுவான். அக்கரை மாட்டை மிரட்டுகிற தொண்டைக்கு அது ஒரு வேலையா? ஆனால் அடுத்த வண்டி வந்துவிட்டது, அதற்கடுத்ததும் வந்துவிட்டது. அவள் கூவவில்லை.

மாது மாட்டைப் பூட்டிவிட்டான். “அக்காளும் வேண்டாம், தங்கச்சியும் வேண்டாம். ஏறு. இனி ஒரு நாழி இங்கே நின்னேன்னா நான் மனுஷன் இல்லே.” செல்லி ஏறினாள். வண்டி திரும்பியது. வைக்கோலில் படுத்தவள் பின்பக்கத் தட்டி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே போனதை மாதம்மாள் பார்க்கத்தான் செய்தாள்.

வெயில் தாழ்ந்து, கூட்டம் கலைந்து, மாதம்மாள் தன் கடைக்கு வந்து அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கவுஸ் பாஷா வந்து, “அக்கா, இந்த வருஷம் ஒரு புகார் இல்லே. ஒரு பொய் வண்டி இல்லே” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் கை சட்டியில் இருந்தாலும் மனசு திருவிழாவில் இருந்தது. அப்போதுதான் அந்தப் பொம்பளை கடை கடையாய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். வயசானவள், இடுப்பில் ஒரு துணி மூட்டை.

“அம்மா, இண்டூர்லேருந்து வண்டி ஒண்ணு வந்துச்சா? செல்லின்னு, என் தங்கி, கூடப் பொறந்தவ. காலையிலேருந்து உக்காந்திருக்கேன். கடைசிப் பரிசல் கெளம்பப் போவுது.”

மாதம்மாளின் கை நின்றது. முகத்தை அடையாளம் கேட்கவே வேண்டாம், அதே கறுப்பு, அதே நெற்றி.

“வந்துச்சு. காலையிலேயே வந்துட்டுத் திரும்பிடுச்சு.”

“திரும்பிடுச்சா? ஏன்? வில்லை குடுக்கலியா?”

“கால் முடியலேன்னு சொன்னாங்க. பாத்தேன். காலிலே ஒண்ணும் இல்லே. அதனாலே…”

கருப்பி மூட்டையைக் கீழே வைத்தாள்.

“நீங்கதான் பாத்தீங்களா?”

“நாந்தான்.”

“காலிலே ஒண்ணும் இருக்காதும்மா.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடுப்புக்கருகே வந்து குனிந்தாள். “கெர்ப்பப்பை எறங்கிடுச்சு அவளுக்கு.”

“என்னது?” என்றாள் மாதம்மாள்.

கருப்பி சட்டென்று தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். “மெதுவா! மெதுவா, தாயி. ஆம்பிளைங்க நிக்கறாங்க.”

பொத்திய கையை எடுத்துவிட்டு இன்னும் குனிந்தாள்.

“கடைசிப் புள்ளை பொறந்த மூணாம் நாளே களத்துக்குப் போனா. அப்பலேருந்துதான். நடந்தா வெளியே வந்துரும். குத்துக்காலிட்டு இறுக்கிக்கிட்டு உக்காருவா, கொஞ்சம் உள்ளே போகும், மறுபடி நடப்பா. இடுப்பிலே துணியை இறுக்கிச் சுத்திக்கிட்டுத்தான் நாத்து நடறது எல்லாம். புருஷன்காரனுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா தள்ளி வெச்சிருவானோன்னு பயம். எனக்கு மட்டும் போன வருஷம் இதே துறையிலே, தண்ணிக்குள்ளே நின்னுக்கிட்டுச் சொன்னா.”

மாதம்மாள் புளியமரத்தின் பக்கம் திரும்பினாள். இங்கிருந்து அது தெரியவில்லை. அவள் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள், முழங்காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு. “பெரியம்மா ஏன் இப்படி உக்காருது?” என்று கேட்டதற்கு மாதம்மாளின் ஆத்தா பொளேரென்று ஒரு அறை விட்டாள். அத்தோடு கேட்பதை நிறுத்தினவள்தான். இத்தனை வயசுக்கு இதே உட்காரலை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள்! இன்று காலையும் பார்த்தாள். கூத்து என்றாள்.

“எங்க ஊர்ப்பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியிலே தெரசான்னு ஒரு நர்சம்மா,” என்றாள் கருப்பி. “கையாலே தூக்கிவிட்டு உள்ளே ஒரு வளையம் வெச்சு விடுவாங்களாம். அப்புறம் நடக்கலாம், தூக்கலாம், ஒண்ணும் ஆகாதாம். ஆம்பிளை டாக்டர்கிட்டே காட்டவே வேண்டாம். அதான் இன்னிக்கு பரிசல்லே கூட்டிக்கிட்டுப் போகலாம்னு பேசி வெச்சிருந்தோம். அக்கா வூட்டிலே நாலு நாள் இருந்துட்டு வரேன்னு புருஷன்கிட்டே சொல்லிட்டு வாடின்னேன். அவளுக்குன்னு புதுச் சீலைகூட எடுத்தாந்தேன்.”

“அதை ஏம்மா என்கிட்டே சொல்லலே அது? நானும் பொம்பளைதானே?”

“காலுன்னு சொல்லுடின்னு சொல்லிக் குடுத்தவளே நாந்தான்.” கருப்பியின் குரல் அப்போதுதான் உடைந்தது. “வெளியே சொல்லிக்காதே, காலுன்னு சொல்லு, வில்லை குடுத்துருவாங்கன்னு நாந்தான் சொன்னேன். பாவி நான்.”

பரிசல்காரன் கீழேயிருந்து கூப்பிட்டான். கருப்பி மூட்டையை எடுத்தாள். மாதம்மாள் அவள் கூடவே தண்ணீர் வரை போனாள்.

“அமாவாசைக்கு வருவீங்களா?”

“வந்தா?”

“நான் இண்டூர் போறேன். நானே கூட்டியாறேன்.”

கருப்பி பரிசலில் உட்கார்ந்து, “வந்தா சரி” என்றாள். வருவாள் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இல்லை.

அந்த வருஷம் ஆடி அமாவாசை பெருக்குக்கு அப்புறம்தான் வந்தது. அன்றைக்கும் துறைக்குக் கயிறு கட்டுவார்கள். மாதம்மாள் கவுஸ் பாஷாவிடம் போய் நின்றாள்.

“பாய், ஒரு வில்லை வேணும்.”

“யாருக்கு?”

“அந்த இண்டூர்க்காரம்மாவுக்கு.”

“நீதானே அக்கா கால் கல்லாட்டம் இருக்குன்னே?”

“ஆமா. கால் கல்லுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இல்லே பாய். கேக்காதீங்க.”

அவருக்கும் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வில்லையை எடுத்துக் கையில் வைத்தார். “எப்பவும் உரக்கச் சொல்றவ நீ. நீயே கேக்காதேங்கறே. கொண்டு போ” என்றார்.

இண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டை விசாரிப்பதில் சிரமமே இல்லை. “எந்த செல்லி? நொண்டிச் செல்லியா?” என்று சிரித்துக்கொண்டே வழி காட்டினார்கள். ஒரு பொடிப்பெண் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டி, “இப்படி நடப்பாங்களே, அவங்களா?” என்றாள். மாதம்மாளுக்குப் போன வருஷத்துக் கும்மி ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கேலி தனக்கு. தன் பங்கை இப்போது முழுசாகக் கைமாற்றி விட்டிருக்கிறாள்.

மாது வாசலில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏறிட்டுப் பார்த்தான்.

“ஓ, நீங்களா. வூடு தேடி வந்துட்டீங்களா சோதனை போட? மாட்டுக்கும் நாலு கால் இருக்குது, பாத்துட்டுப் போங்க.”

“செல்லியைப் பாக்க வந்தேனுங்க.”

“அதுக்குத்தான் ஒண்ணும் இல்லேன்னு தண்டோரா போட்டுட்டீங்களே. என்கிட்டே பொய் சொல்லி ராத்திரியெல்லாம் வண்டி ஓட்ட வெச்சவ. அவகூட நான் பேசறதையே வுட்டுட்டேன்.”

செல்லி உள்ளேயிருந்து வந்தாள். பெருக்கன்று பார்த்ததற்கு முகம் சுண்டியிருந்தது. மருமகள்காரி பின்னால் நிலைப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“வாங்க” என்றாள் செல்லி.

மாதம்மாள் இலையில் கட்டிக்கொண்டு வந்த மீன் வறுவலை நீட்டினாள். மருமகள் வாங்கிக்கொண்டாள். “உங்கக்காவைப் பாத்தேன்” என்றாள் மாதம்மாள், தன் குரலைத் தானே கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டு. “அமாவாசைக்குத் துறைக்கு வருது. நான் கூடவே வரேன். பரிசல் வரைக்கும் வண்டி போகும். இந்தா.” வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

செல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகரத்தில் வெயில் பட்டு அவள் முகவாயில் ஒரு சின்ன வெளிச்சம் ஆடியது. பிறகு அதை மாதம்மாளின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“இது கால் முடியாதவங்களுக்குக் குடுக்கறது, அக்கா. எனக்கெதுக்கு?” மாதுவுக்கும், மருமகளுக்கும், பக்கத்து வேலிக்கு அந்தாண்டை நின்றவளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னாள். “எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. நீங்கதானே சொன்னீங்க.”

மூலையில் தண்ணீர் நிறைந்த குடம் இருந்தது. மருமகள் தூக்க வந்தாள், அவளை விலக்கிவிட்டு செல்லியே குனிந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாள். மாட்டுத் தொட்டி வரை வாசல் முழுக்கக் குறுக்கே நடந்தாள், காலை இழுக்காமல், சாய்க்காமல், நிமிர்ந்து. தொட்டியில் ஊற்றினாள். “பாத்தீங்களா?” என்றாள். சிரித்த மாதிரிகூட இருந்தது. மாது மாட்டின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வெற்றுக் குடத்தோடு திரும்பியவள் வேலியோரம் வந்ததும் நின்றாள். முருங்கை மரத்தை ஒரு கையால் பிடித்தாள். பிறகு அப்படியே, ஏதோ தேடுகிறவள் மாதிரி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சேர்ந்துகொண்டன. குடம் பக்கத்தில் உருண்டது.

மாதம்மாள் போய் அவளுக்கு முன்னால், தன் பூசணிக்காய் முட்டி கடகடக்க, அதே மாதிரி உட்கார்ந்தாள். அவள் காதருகே வாயை வைத்தாள். வாழ்நாளில் பேசியிராத ஒரு குரலில், மரத்து எறும்புக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டாள்.

“செல்லி, நான் இப்ப மெதுவாத்தான் கேக்கறேன். எங்கே வலிக்குது?”